முகமிலார் உரையாடல்

நாடகம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் அரங்கும் ஒப்பனையும் முகக்குறிப்பும் நினைவிற்கு வருதல் இயல்பு. இவற்றுள் ஒன்றேனும் இன்றி, முகம் என்பதே இல்லாத மாந்தரை வைத்து, 2003ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரிலிருந்து ஒரு நகைச்சுவைத் தொடர் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. ‘ரெட் வெர்சஸ் புளூ’ என்பது அதன் பெயர். சிவப்பரும் நீலரும் மோதும் கதை எனத் தமிழில் அதனைச் சுட்டலாம். பர்னி பர்ன்ஸ் என்பார் எழுத, மாட் ஹல்லம், ஜெஃப் ராம்சி, கஸ் சொரோலா, ஜோயல் ஹேமன் முதலிய நண்பர்கள் குரல் கொடுக்க, வீட்டின் ஓர் அறையே பணிமனையாக அத்தொடர் உருவாயிற்று. அவர்கள் தம் குழுவிற்கு ‘ரூஸ்டர் டீத்’ எனப் பெயரிட்டுக்கொண்டனர். யூடியூப் என்னும் தளம் தோன்றியது 2005ஆம் ஆண்டில்தான். இணையத்தில் காணொளி பார்க்கும் பழக்கம் பரவாத காலத்தில், கணினி விளையாட்டில் ஈடுபாடுடையோரை நம்பி வெளியான தொடர் இது.

ஆறு அல்லது எட்டுப் பகுதிகளோடு முடித்துவிடலாம் என்று எண்ணியே அவர்கள் தொடங்கினர். அது நூறு பகுதிகளாக வளர்ந்து 2007ஆம் ஆண்டில் முதற் கதையை முடித்தது. பின்னும் தொடர்ந்து 2024 வரை நீண்டது. இவ்வளவு நீண்ட வாழ்வைச் சிறு செலவில் பிறந்த ஒரு படைப்பு பெற்றது எவ்வாறு? நண்பர் குழுவின் ஊக்கம், காலத்தின் வாய்ப்பு எனக் காரணம் கூறி அமைவாருண்டு. அவை ஓரளவே உண்மை. அதே ஊக்கமும் அதே வாய்ப்பும் பெற்ற வேறு பலர் அக்காலத்தில் இருந்தனர். காரணத்தைப் படைப்பின் உள்ளேதான் தேடவேண்டும்.

முதலில் அதன் ஆக்கமுறையை அறிதல் வேண்டும். 2001ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டபோது, அதனோடு பஞ்சி என்னும் குழுவினர் ஆக்கிய ‘ஹேலோ’ விளையாட்டும் வந்தது. வருங்காலப் போர்வீரர்கள், உச்சி முதல் உள்ளங்கால் வரை கவசமணிந்து, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. பெட்டிகளைக் கம்பியால் இணைத்துப் பலர் ஒரே களத்தில் ஆடலாம். அக்களங்களுள் ஒன்று ‘பிளட் கல்ச்’. நாற்புறமும் பாறை சூழ்ந்த பள்ளத்தாக்கு. ஒரு கோடியில் சிவப்பர் பாசறை, மறு கோடியில் நீலர் பாசறை. ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. எதிரியின் கொடியைக் கவர்ந்து வருவதே வெற்றி.

தொடரை ஆக்கியோர் முதலில் உரையாடலை ஒலிப்பதிவு செய்தனர். பின்னர் விளையாட்டைத் தொடங்கி, ஒவ்வொருவரும் ஒரு வீரனை இயக்கி, பதிவான குரலுக்கு ஏற்ப அவ்வுருவத்தின் தலையை மேலும் கீழும் ஆட்டினர். தலை ஆடினால் அவன் பேசுகிறான் என்று பொருள். மற்றொரு விளையாட்டாளனின் பார்வையே படக்கருவி ஆயிற்று. அவன் கையிலுள்ள துப்பாக்கியும் விளையாட்டின் குறியீடுகளும் திரையில் தெரியுமாதலின், மேலும் கீழும் இரண்டு கரும்பட்டைகளை ஒட்டி அவற்றை மறைத்தனர். குறையை மூட இட்ட அப்பட்டைகள், திரையரங்கப் படம் போன்ற அகன்ற தோற்றத்தையும் தந்துவிட்டன.

தோற்பாவைக் கூத்தை அறிந்தவருக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. பாவைக்கும் வாய் அசைவதில்லை. கையும் தலையுமே அசைகின்றன. எப்பாவை பேசுகிறது என்பதை அசைவு காட்ட, என்ன உணர்கிறது என்பதைக் குரல் காட்டுகிறது. விளையாட்டுக் களத்தைப் படப்பிடிப்புத் தளமாகக் கொள்ளும் இக்கலை இவர்களால் தொடங்கப்பட்டதும் அன்று. ‘குவேக்’ என்னும் விளையாட்டில் எடுத்த ‘டைரி ஆஃப் எ கேம்பர்’ என்ற இரண்டு நிமிடம்கூட ஓடாத சிறு படம் 1996ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ‘மெஷினிமா’ என்று அவ்வகைக்குப் பெயரும் ஏற்பட்டிருந்தது. முன்னோடிகள் பலரும் விளையாட்டால் எத்தகைய காட்சிகளைக் காட்ட இயலும் என்பதில் கருத்தைச் செலுத்தினர். அதனால் காட்ட இயலாதவற்றைக் கணக்கிட்டு அதற்கேற்பக் கதை சமைத்தவர் ஆஸ்டின் நண்பர்கள்.

ஒரு சிறு செய்தி இதனை விளக்கும். ஹேலோ விளையாட்டில் வீரன் எப்போதும் துப்பாக்கியை நீட்டியே நிற்பான். இருவர் எதிரெதிர் நின்று பேசினால் ஒருவர் மார்பை மற்றவர் குறிவைத்தது போலிருக்கும். நட்புரையாடல் அங்கே நிகழ முடியாது. ஆயினும் கைத்துப்பாக்கி ஏந்திய வீரன் தரையை நோக்கினால், பிறர் பார்வைக்கு அவன் தலை நேராகவும் துப்பாக்கி தாழ்ந்தும் தோன்றும். நிரலிலே நேர்ந்த பிழை அது. அப்பிழையைக் கண்டுகொண்டதால்தான் தொடரின் மாந்தர் இளைப்பாறி நின்று பேசமுடிந்தது. 2004இல் வந்த அடுத்த ஹேலோவில் பிழை திருத்தப்பட்டது. எனினும் இக்கலையினர் பொருட்டு ஆயுதத்தைத் தாழ்த்தும் வசதி ஒன்றைப் பஞ்சி குழுவினரே சேர்த்துக் கொடுத்தனர்.

முதற்பகுதி இத்தொடரின் சிறப்பு முழுவதையும் தன்னுள் அடக்கியது. சிவப்பர் பாசறையின் மேல் சிம்மன்ஸ், கிரிஃப் என்னும் இருவர் நிற்கின்றனர். நாம் ஏன் இங்கே இருக்கிறோம் என்று என்றேனும் எண்ணியதுண்டா எனச் சிம்மன்ஸ் வினவுகிறான். கிரிஃப் ஆழ்ந்த சிந்தனையோடு விடை கூறுகிறான்: பிரபஞ்சம் ஒரு தற்செயல் விளைவா, மேலிருந்து காணும் கடவுள் ஒருவர் உண்டா, இவ்வெண்ணங்களால் தனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை என்கிறான். சற்று நேரம் அமைதி. இந்தப் பள்ளத்தாக்கில் ஏன் இருக்கிறோம் என்றே கேட்டேன் என்கிறான் சிம்மன்ஸ். நீலர் பாசறை அங்கிருப்பதால் சிவப்பர் பாசறை இங்கிருக்கிறது. சிவப்பர் பாசறை இங்கிருப்பதால் நீலர் பாசறை அங்கிருக்கிறது. அவர்கள் அடையக் கண்ட விடை இவ்வளவே.

இக்காட்சியில் வினா ஒன்று, பொருள் இரண்டு. ‘இங்கே’ என்னும் ஒரு சொல்லே இரண்டிற்கும் இடம் தருகிறது. உலகைச் சுட்டியதாக ஒருவன் கொள்ள, பள்ளத்தாக்கைச் சுட்டியதாக மற்றவன் கருதுகிறான். சிலேடை நயம் அறிந்த தமிழ் மாணவர்க்கு இது சுவை பயக்கும். சுவையோடு நில்லாமல் அது மேலும் ஒன்றைச் செய்கிறது. விளையாடுவோர் எவரும் சிவப்பர் ஏன் நீலரோடு போரிடுகின்றனர் என்று கேட்பதில்லை. கேட்டால் விளையாட்டு நின்றுவிடும். கேட்கக்கூடாத அவ்வினாவைக் களத்தில் நிற்கும் பாவையே கேட்கிறது. அவ்வகையில் ‘ரெட் வெர்சஸ் புளூ’ ஹேலோவின் மீது எழுந்த ஒரு திறனாய்வாகவும் ஆகிறது.

அதே பகுதியில் மற்றொரு நுட்பம் உண்டு. எதிர்ப்புறத்தே நீலர் இருவர் சிவப்பரை உளவு பார்க்கின்றனர். தொலைநோக்கி பொருந்திய துப்பாக்கி சர்ச் என்பவன் கையில் உள்ளது. என்ன செய்கிறார்கள் என்று டக்கர் நச்சரிக்க, நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், எப்போதும் அதையேதான் செய்கிறார்கள் என்று எரிச்சலோடு சொல்கிறான் சர்ச். ஆக்கியோரால் காட்ட முடிந்ததெல்லாம் நின்று பேசும் உருவங்களையே. வேறு எவரேனும் அவ்விழப்பை மறைக்க முயன்றிருப்பர். இவர்களோ அதனைக் கதைமாந்தர் வாயாலேயே குறை கூறச் செய்து, காண்போன் சொல்லவேண்டிய பழிப்பை முந்திக்கொண்டனர். பெக்கட்டின் நாடகங்களோடு இத்தொடரை ஒப்பிட்டோர் உளர். வெற்றிடத்தில் இருவர் நின்று காத்துக் கிடத்தல் என்னும் அளவில் அவ்வொப்புமை பொருந்தும். பெக்கட்டின் மாந்தர் நெஞ்சில் உறையும் அச்சம் இங்கில்லை. இங்குள்ளது அலுவலகத்தில் வேலையின்றி அமர்ந்திருப்போரின் சலிப்பே ஆகும். அப்புகழ்ச்சியைச் சற்றுக் குறைத்தே ஏற்கவேண்டும்.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. டெக்சஸ் இளைஞர் தொல்காப்பியம் கற்றவர் அல்லர். ஆயினும் உருவத்தால் வேறுபாடு காட்ட இயலாத நிலையில், ஒரே அச்சில் வார்த்த வீரர்களை நிறமும் குரலும் குணமுமே பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. ஆதலின் ஒவ்வொருவனும் ஒவ்வொரு வகை நகைக்கு உரியவனாக அமைந்தான். கிரிஃபும் சிம்மன்சும் ஒருவரையொருவர் எள்ளியே வாழ்கின்றனர். சிவப்பரின் தலைவன் சார்ஜ், நீலரை வெறுக்கவேண்டும் என்று கற்பிக்கப்பட்டதைப் பற்றிக்கொண்டு விடாதவன். மடன் என்பதற்கு உரையாசிரியர் கூறும் விளக்கத்திற்கு இவனைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. கபூஸ் பேதை. புதிதாக வந்து சேர்ந்த டோனட் என்பவனிடம் இருப்பது இளமை.

அந்த டோனட்டைக் கொண்டு நிகழ்த்தும் முதல் நாடகம் நினைவில் நிற்பது. வண்டியின் முகவிளக்குக்கு ஊற்றும் நெய் வாங்கிவா என்று, உலகில் இல்லாத பொருளைக் கேட்டு அவனை அனுப்பிவிடுகின்றனர் கிரிஃபும் சிம்மன்சும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையனை இவ்வாறு அலையவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கடையைத் தேடிச் சென்ற டோனட், நீலர் பாசறையையே கடை என்று கருதி உள்ளே நுழைகிறான். அங்கே காவலிருப்பவன் கபூஸ், அவனும் புதியவன். நீங்கள் கேட்பது எதுவும் இங்கில்லை, இந்தக் கொடி ஒன்றுதான் இருக்கிறது என்கிறான் அவன். கொடியோடு வெளியேறுகிறான் டோனட். எத்தனையோ விளையாட்டாளர் குருதி சிந்திக் கவரும் கொடியை, இரண்டு அறியாதவர்கள் கடைப் பேரம் போலக் கைமாற்றிக்கொண்டனர். இளமையும் பேதைமையும் எதிர்ப்பட்ட இடத்தில் பெரும்போரின் இலக்கே பொருளற்றுப் போயிற்று. ஒரு வெடியும் இன்றி, செலவு ஏதுமின்றி, உரையாடலால் மட்டுமே இது நிகழ்ந்தது என்பதை நாடகம் எழுதும் மாணவர் கருத்திற் கொள்ளலாம். பள்ளி நாடகங்களில் திரைக்கும் ஆடைக்கும் பணம் திரட்டிய பின்னர், ஒத்திகைக்கு முந்தைய இரவில் உரையாடல் எழுதப்படுவது ஆசிரியர் அறியாததன்று.

குறைகளும் உள. அவற்றை மறைத்தல் திறனாய்வாகாது. வசைச்சொற்கள் மிகுதி. விளையாட்டாளர் தம்முள் பேசும் மொழியை அவ்வாறே தருவதாக அதற்குச் சமாதானம் கூறலாம். பல இடங்களில் அச்சமாதானம் செல்லும். ஏனைய இடங்களில் நகை தோன்றாத வெற்றிடத்தை வசைகொண்டு நிரப்பியிருப்பதைக் கூர்ந்து கேட்பார் உணர்வர். டோனட்டின் கவசம் இளஞ்சிவப்பாக மாறியபின், அந்நிறத்தை வைத்து அவன் ஆண்மையை நகையாடும் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டு அலுப்புத் தருகிறது. முதல் முறை, இது வெளிறிய சிவப்பு என்று அவன் சாதிக்கும்போது பிறக்கும் சிரிப்பு, ஐம்பதாம் முறை பிறப்பதில்லை. கபூசின் பேதைமையும் நாளடைவில் வரம்பிகந்து, புதியவனுக்குரிய அறியாமையாக இருந்தது மனித இயல்பையே கடந்துவிடுகிறது. ஒரு குழுவினர்க்கென்று எழுதும் படைப்பிற்கு இந்த இடர் எப்போதும் உண்டு. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது உடனுக்குடன் தெரிந்துவிடுவதால், அதையே திரும்பச் செய்யும் ஆசை எழுகிறது.

விளையாட்டுச் சமூகத்தைப் பற்றிப் பின்னர் எழுந்த மற்றொரு சிறு செலவுத் தொடர் ‘தி கில்ட்’. ஃபெலிசியா டே என்னும் நடிகையார் எழுதி 2007ஆம் ஆண்டு தொடங்கியது அது. வீடுகளிலேயே படமெடுத்து, பார்வையாளர் அனுப்பிய நன்கொடையால் முதற்பருவத்தை நிறைவு செய்தனர். அதன்பின் மைக்ரோசாஃப்டின் பொருளுதவி கிடைத்தது. உரிமையை மட்டும் ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை. அங்கே விளையாட்டு காட்டப்படுவதில்லை. அதனை ஆடுவோர் மட்டுமே தோன்றுவர். ‘ரெட் வெர்சஸ் புளூ’வில் ஆடுவோர் தோன்றுவதில்லை, விளையாட்டே தோன்றுகிறது. இரண்டிலும் பாதியை மறைத்ததே செலவைக் குறைத்த வழி. மறைத்த பாதியைக் காண்போர் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டனர். ‘தி கில்ட்’ தொடரில் சுஜன் பாலகிருஷ்ணன் கோல்ட்பெர்க் என்று ஒரு பாத்திரம் உண்டு. தென்னிந்தியச் சாயல் கொண்ட அப்பெயரைக் கேட்டு மகிழும் வாசகர், மகனை விடாது பற்றிக்கொள்ளும் அவனுடைய தாயைக் கண்டதும் சற்றுத் தயங்குவர். வார்ப்படமான பாத்திரப் படைப்பு அது.

மீண்டும் பள்ளத்தாக்கிற்கு வருவோமாயின், தொடரின் பெருஞ்சிக்கல் சர்ச்சின் சாவில் தொடங்குகிறது. தன் பக்கத்துப் பீரங்கி வண்டியாலேயே, கபூசின் பேதைமையால் அவன் கொல்லப்படுகிறான். பின் ஆவியாகத் திரும்பி வருகிறான். ஹேலோ விளையாட்டில் மாண்டவன் சில நொடிகளில் மீண்டும் பிறப்பான். சாவு அங்கே சிறு தாமதமே. அவ்விதியை நாடகத்திற்குள் கொண்டுவந்தபோது, இறந்தும் தொல்லை தீராத, தன் நண்பரிடமிருந்து விடுபட முடியாத ஓர் ஆவி கிடைத்தது. அதற்கு விளக்கம் ஏதும் தரப்படவில்லை. விளக்கமின்மையே அதன் அழகு.

முதல் நூறு பகுதிகள் முடிந்து, 2008ஆம் ஆண்டில் ‘ரீகன்ஸ்ட்ரக்ஷன்’ என்னும் புதிய பருவம் வந்தது. கதை பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியது. போர்வீரர்க்குச் செயற்கை அறிவைப் பொருத்திய ஒரு மறைமுகத் திட்டம், அதன் கொடுமைகள், அதனைத் துப்பறிவோன் என்று கனமான கதை உருவாயிற்று. சர்ச் ஆவியல்லன், அவனே ஒரு செயற்கை அறிவு என்று அதில் வெளிப்படுத்தினர். அவ்வுண்மையைக் கேட்டும் ஏற்காமல், தான் ஆவியே என்று சர்ச் வாதிடுகிறான். இவ்விடத்தில் பாத்திரத்தின் பக்கமே நிற்கத் தோன்றுகிறது. ஐந்தாண்டுகளாகக் காரணமின்றிச் சிரிக்கவைத்த ஒன்றிற்குக் காரணம் கற்பித்ததும், முன்னைய சிரிப்பு பின்னோக்கி மாற்றம் அடைகிறது. முதற்பருவத்தை மறுபடி காண்பவர்க்கு ஆவி கிடைப்பதில்லை. ஆயினும் நேர்மையாக நோக்கின், அப்பருவத்தில் இழப்பும் நட்பும் பற்றி எழுதியுள்ள பகுதிகள் முன்னையவற்றில் இல்லாத ஆழம் உடையவை. முகமற்ற தலைக்கவசம் ஒன்று துயருறுவதைக் காண்போர் நம்பினர் எனின், ஐந்தாண்டுக் காலம் அக்குரலோடு பழகியதே அதற்குக் காரணம். நகைச்சுவை திரட்டி வைத்த முதலைத் துயரச்சுவை செலவு செய்தது.

2010ஆம் ஆண்டின் எட்டாம் பருவத்தில் மான்டி ஊம் என்னும் அசைவூட்டக் கலைஞர் சேர்ந்தார். விளையாட்டின் பாவைகளை விட்டு, தாமே வரைந்தியக்கிய சண்டைக் காட்சிகளை அவர் அமைத்தார். டெக்ஸ் என்னும் வீராங்கனை தனியொருத்தியாய் இரு தரப்பாரையும் புரட்டியெடுக்கும் காட்சி, அசைவின் தாளத்தால் இன்றும் வியக்கத்தக்கது. 2015இல் இளமையிலேயே மறைந்த அக்கலைஞரின் ஆற்றலை எவரும் மறுக்கார். என்றாலும் அவ்வாற்றல் தொடரின் அடித்தளத்தை மாற்றிவிட்டது. எதையும் காட்டலாம் என்ற நிலை வந்ததும், காட்ட இயலாததைப் பேச்சால் ஈடுசெய்யும் தேவை குறைந்தது. பின்வந்த பருவங்களில் உரையாடல், சண்டைக்கும் சண்டைக்கும் இடையே மூச்சு வாங்கும் இடமாகப் பல பகுதிகளில் சுருங்கியது.

பொருள் நிலையையும் இங்கே கருதவேண்டும். களமும் பாவையும் அக்குழுவினர் உடைமை அல்ல, மைக்ரோசாஃப்டின் உடைமை. நிறுவனம் தொடக்கத்திலேயே அறிந்து, கட்டணம் கேளாது இசைவளித்தது. குறுந்தட்டு விற்பனையும், பகுதிகளை முன்கூட்டிக் காணப் பணம் செலுத்திய ஆர்வலரும் குழுவைத் தாங்கினர். 2014இல் குழுவே வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பின்னர் பெருநிறுவனங்களின் இணைப்புகளால் கை மாறிக்கொண்டே போயிற்று. 2024 மார்ச்சில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி அதனை மூடப்போவதாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம், பர்ன்ஸ் எழுத ஹல்லம் இயக்கிய ‘ரெஸ்டோரேஷன்’ என்னும் இறுதிக் கதை வெளிவந்தது. அதே மாதத்தில் ‘ரூஸ்டர் டீத்’ கதவடைத்தது. வீட்டறையில் செலவின்றி நடந்தது, நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் நிறுவனமானபின் செலவைத் தாங்கவில்லை.

முதற்பகுதியின் தலைப்பு ‘நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?’ என்பது. நூறாம் பகுதியின் தலைப்பு ‘நாம் ஏன் இங்கே இருந்தோம்?’ என்பது. நிகழ்காலத்தை இறந்தகாலமாக மாற்றிய அளவில், நான்காண்டு வாழ்வு முழுவதும் அந்த ஒரு வினைமுற்றில் வந்து நின்றுவிடுகிறது. அந்நூறாம் பகுதிக்கு முடிவுகள் பல எழுதினர். எனினும் நினைவில் நிற்பது தலைப்பே. 2025 பிப்ரவரியில் ‘ரூஸ்டர் டீத்’ என்ற பெயரைப் பர்ன்ஸ் தம் புதிய நிறுவனத்தின் வழியே திரும்பப் பெற்றார். அந்நிறுவனத்திற்கு அவர் இட்ட பெயர் ‘பாக்ஸ் கேன்யன்’: நாற்புறமும் அடைபட்ட பள்ளத்தாக்கு.